அழைப்பிதழில் பெயர் இல்லை

பெசன்ட் நகர் கடற்கரையின் வடக்குப் பக்கம், அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஊரூர் ஒல்காட் குப்பம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் நடந்துபோய் மீன் வாங்குவது அங்கேதான். பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒரே அக்காவிடம்தான் வாங்குகிறேன். அவர் பெயர் இங்கே வேண்டாம்.

சில மாதங்களுக்கு முன் அக்காவின் அண்ணன் இறந்துபோனார். மாரடைப்பு. அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் அக்காவைக் காணோம். திரும்பி வந்த முதல் ஞாயிறு, மீனை எடை போடுவதற்கு முன்னால் போனை என்னிடம் நீட்டினார்.

“தம்பி, நீ கம்ப்யூட்டர்லதானே வேலை பாக்குற. இத இன்னான்னு கொஞ்சம் பாரு.”

வாட்ஸப். அனுப்பியவர் அண்ணன். வட்டத்துக்குள் அவர் படம். மேலே பழைய வாய்ஸ் மெசேஜ்கள், ஒரு வலை நிறைய மீன் படம், பேத்தியின் பிறந்தநாள் போட்டோ. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கோப்பு. ஆங்கிலத்தில் ‘இன்விடேஷன்’ என்று பெயர், கடைசியில் ஏ.பி.கே. என்ற மூன்று எழுத்து. அது வந்த தேதியைப் பார்த்தேன். அண்ணன் இறந்து பன்னிரண்டாம் நாள்.

“பதினாறாம் நாள் காரியப் பத்திரிகைன்னு நெனச்சேன்” என்றார்.

அப்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. “அண்ணன் நம்பர்லேருந்து எப்படிக்கா பத்திரிகை வரும்?”

அக்கா கோபப்படவில்லை. “செத்தவன் அனுப்ப மாட்டான்னு எனக்குத் தெரியாதா தம்பி? தெரியும். பேரப் பாத்ததும் கை தொட்டுடுச்சு.”

நடந்தது என்னவென்று பிறகு புரிந்தது. அண்ணனின் போன் அவர் மகனிடம் இருந்திருக்கிறது. போக்குவரத்து அபராதம் என்று வந்த ஏதோ ஒரு கோப்பை அந்தப் பையன் திறந்திருக்கிறான். அதன் வழியாக அந்த வாட்ஸப் கணக்கு வேறு யாரோ கைக்குப் போய்விட்டது. அவர்கள் அந்தக் கணக்கிலிருந்த அத்தனை பேருக்கும் ‘இன்விடேஷன்’ கோப்பை அனுப்பிவிட்டார்கள். அக்கா அதை நிறுவினார். எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தார். அன்று ராத்திரியே அவர் கணக்கிலிருந்து 6,800 ரூபாய் போய்விட்டது. வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லை அந்தச் செயலியே படித்துத் திருடனுக்கு அனுப்பியிருக்கும். அக்காவின் போனில் ஒரு சத்தமும் வந்திருக்காது.

இந்தக் கட்டுரை அந்த 6,800 ரூபாயைப் பற்றியது மட்டும் இல்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு வேறொன்று உறைத்தது. அந்தக் கோப்பை அனுப்பியவனுக்கு, யார் போனைப் பிடித்தோம், அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ‘அழைப்பிதழ்’ என்று மொட்டையாக அனுப்பினான், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அது கல்யாணப் பத்திரிகை. கல்யாண அழைப்பிதழ் என்ற பெயரில் ஏ.பி.கே. கோப்புகள் சுற்றுகின்றன என்று 2024 நவம்பரிலேயே இமாச்சலப் பிரதேசப் போலீஸ் எச்சரித்திருந்தது. அதே சரக்கு. அதைக் காரியப் பத்திரிகையாக ஆக்கியது அக்காவின் துக்கம்.

மோசக்காரன் பாதியைத்தான் கொண்டுவருகிறான். மீதியை இழப்பில் இருப்பவர் நிரப்பிக்கொள்கிறார். இந்த எண்ணம் வந்தபிறகு, சாவை வைத்து நடந்த இணைய மோசடிகளின் வரலாற்றைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். தேடல் மறுபடியும் இதே குப்பத்துக்குத்தான் கொண்டுவந்து விட்டது, அதுவும் இரண்டு முறை.

சுனாமி என்ற பெயரில் ஒரு கோப்பு

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.28-க்கு மேல் சுமத்ரா அருகே நிலநடுக்கம். சென்னையிலும் பலர் கட்டில் ஆடியதை உணர்ந்து எழுந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அலை வந்தது. எலியட்ஸ் கடற்கரையில் நடைபயிற்சிக்குப் போனவர்களும், குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களும் ஒரே அலையைப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள். அதில் 6,000-க்கும் மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில். எல்லா நாடுகளையும் சேர்த்தால் 2 லட்சத்து 25 ஆயிரத்துக்கும் மேல்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த வாரம் இணையத்தில் நடந்த நல்ல விஷயங்கள் நன்றாக நினைவிருக்கின்றன. இந்தியாவிலிருந்து சிலர் தொடங்கிய ‘சுனாமி ஹெல்ப்’ வலைப்பூவில் காணாமல்போனவர்கள், உதவி எண்கள், நிவாரண முகாம்கள் என்று தகவல் குவிந்துகொண்டே இருந்தது. இலங்கையில் மென்பொருள் ஆட்கள் சேர்ந்து ‘சஹானா’ என்ற திறந்தமூல மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் சஹானா என்றால் நிவாரணம். காணாமல்போனவர்களின் பதிவேடுதான் அதன் முக்கியமான பகுதிகளில் ஒன்று. அந்தத் திட்டம் பிற்பாடு பல நாடுகளின் பேரிடர்களில் பயன்பட்டது. நம் தொழிலுக்குப் பெருமை சேர்த்த நாட்கள் அவை.

அதே ஜனவரியில் இன்னொரு ரகமும் நடந்துகொண்டிருந்தது. அதை நான் இப்போதுதான் விரிவாகப் படித்தேன்.

அலை அடித்து மூன்று வாரம் ஆன நிலையில், ஜனவரி மத்தியில் ஒரு மின்னஞ்சல் சுற்ற ஆரம்பித்தது. சுனாமி நன்கொடை, தயவுசெய்து உதவுங்கள் என்ற மாதிரித் தலைப்பு. இணைப்பாக ‘சுனாமி’ என்று பெயரிட்ட ஓர் இ.எக்ஸ்.இ. கோப்பு. அதை இயக்கினால் நன்கொடைப் படிவம் எதுவும் வராது. அது ஒரு வொர்ம். உங்கள் முகவரிப் புத்தகத்தில் இருக்கும் எல்லாருக்கும் அதே கடிதத்தை உங்கள் பெயரில் அனுப்பிவிடும். பிறகு ஜெர்மனியில் இருந்த ஒரு ஹேக்கர் தளத்தை முடக்க உங்கள் கணினியையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ளும். சோஃபோஸ் நிறுவனம் இதற்கு ‘விபிசன்’ என்று பெயர் வைத்தது.

யோசித்துப் பாருங்கள். எவனோ இரண்டு கும்பலுக்குள் ஏதோ தகராறு. அதற்கு ஆள் சேர்க்க, கடற்கரையில் செத்த இரண்டு லட்சத்துச் சொச்சம் பேரின் பெயரைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தொழில்நுட்ப ரீதியில் பெரிய சரக்கு இல்லை, பரவலும் அவ்வளவாக இல்லை. ஆனால் அதில் முகவரிப் புத்தகம் என்ற உத்தி இருக்கிறதே, அதைக் கவனிக்க வேண்டும். கடிதம் தெரியாதவரிடமிருந்து வராது, தெரிந்தவரிடமிருந்து வரும். அக்காவுக்கு அண்ணன் எண்ணிலிருந்து வந்ததும் இதே உத்திதான். இருபது வருடத்தில் கருவி மாறியிருக்கிறது, உத்தி மாறவில்லை.

அதே மாதம் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. போலி நன்கொடைத் தளங்கள் வந்துவிட்டன, அதில் ஒன்றைத் திறந்தாலே கணினிக்குள் ட்ரோஜன் புகுந்துவிடும் என்று அதில் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. காணாமல்போன உறவினரைத் தேடி இணையத்தில் மின்னஞ்சல் முகவரியோடு எழுதியவர்களைத் தொடர்புகொண்டு, கட்டணம் கொடுத்தால் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று சிலர் பேரம் பேசியிருக்கிறார்கள்.

அதற்கும் மேலே ஒன்று இங்கிலாந்தில். லிங்கன்ஷயரைச் சேர்ந்த 40 வயது ஆள் ஒருவர், ஒரு செய்தித் தொலைக்காட்சியின் இணையதளத்தில் சொந்தங்களைத் தேடி எழுதியிருந்தவர்களின் முகவரிகளை எடுத்து, பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையிலிருந்து எழுதுவதுபோல் 35 மின்னஞ்சல்கள் அனுப்பினார். நீங்கள் தேடுபவர் இறந்துவிட்டது உறுதி என்று. பணம் கேட்கவில்லை, வைரஸ் வைக்கவில்லை. ஜனவரி முடிவதற்குள் அவருக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

காணாமல்போனவர்களைத் தேட நல்லவர்கள் திறந்துவைத்த அதே பக்கங்கள்தான் இவர்களுக்கு முகவரிப் பட்டியல். சஹானா மாதிரி ஒன்றை எழுதும் யாரும் இதை மறக்கக் கூடாது. தேடுகிறவரின் தொலைபேசி எண்ணைப் பொதுவில் காட்டுவதா வேண்டாமா என்பது திரை வடிவமைப்புக் கேள்வி மாதிரித் தெரியும். அப்படி மட்டும் இல்லை.

பிறகு அது ஒரு தொழிலாயிற்று

2005-இல் தனி ஆட்களின் வேலையாக இருந்தது, இரண்டே வருடத்தில் தொழிலாகிவிட்டது. 2007 ஜனவரியில் கிரில் என்ற புயல் ஐரோப்பாவைத் தாக்கியது. அதே நேரத்தில், ஐரோப்பாவில் புயலுக்கு 230 பேர் பலி என்ற தலைப்பில் பெருமளவில் மின்னஞ்சல்கள் பறந்தன. முழுச் செய்தி, காணொளி என்ற பெயர்களில் இணைப்புகள். திறந்த கணினிகள் எல்லாம் ஒரு பாட்நெட்டுக்குள் போய்விட்டன. அதாவது சொந்தக்காரருக்கே தெரியாமல் தொலைவிலிருந்து எவனோ இயக்கும் கணினிக் கூட்டம். கணினிப் பாதுகாப்பு வரலாற்றில் இதற்கு ‘ஸ்டார்ம் வொர்ம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்தத் தலைப்பில் இருந்த எண்ணிக்கை நிஜச் சாவுகளைவிடப் பல மடங்கு. எண்ணிக்கை பெரிதானால் க்ளிக்கும் கூடும் என்ற கணக்கு.

2009 ஜூன் 25 மைக்கேல் ஜாக்சன் இறந்தார். சில மணி நேரத்தில் அவர் பெயரில் ஸ்பாம் ஆரம்பித்துவிட்டது. 2014 மார்ச்சில் மலேசிய விமானம் எம்.எச். 370 காணாமல்போனது. விமானம் கிடைத்துவிட்டது, காணொளி பாருங்கள் என்று ஃபேஸ்புக்கில் பொய் இணைப்புகள். 2025 ஏப்ரல் 22 பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். சில நாட்களிலேயே, தாக்குதலுக்கு அரசு எடுக்கும் நடவடிக்கைகள் என்ற பெயரில் பொய் ஆவணங்கள் இந்திய அரசு, பாதுகாப்புத் துறை ஊழியர்களுக்குப் போனதை செக்ரைட் ஆய்வகம் கண்டுபிடித்துச் சொன்னது. அதில் வந்தது கிரிம்ஸன் ராட் என்ற உளவு மென்பொருள்.

இவையெல்லாம் ஊரறிந்த சாவுகள். எனக்கு அதிகம் உறைத்தது 2014 ஜனவரியில் அமெரிக்காவில் சுற்றிய ஒரு சின்ன மின்னஞ்சல். டெக்சஸில் நிஜமாகவே இயங்கும் ஓர் ஈமச்சடங்கு நிலையத்தின் பெயரைத் திருடி அனுப்பியிருந்தார்கள். உங்கள் நண்பர் காலமானார், ஆழ்ந்த இரங்கல், நினைவஞ்சலி நிகழ்ச்சியின் விவரத்துக்கு இங்கே அழுத்துங்கள். அழுத்தினால் மால்வேர். அந்த நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே மக்களுக்கு எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.

அந்த மின்னஞ்சலில் இறந்த நண்பரின் பெயர் கிடையாது. எழுத மறந்துவிடவில்லை. பெயர் போட்டிருந்தால் நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர், இவரை எனக்குத் தெரியாதே என்று அழித்துவிடுவார்கள். பெயர் இல்லையென்றால்? யாராக இருக்கும் என்று மனசு ஒரு சுற்றுச் சுற்றி வரும். ஆஸ்பத்திரியில் இருக்கும் பழைய சிநேகிதர், போன மாதம் போனில் இருமிக்கொண்டே பேசியவர் என்று ஒவ்வொரு முகமாக வரும். தெரிந்துகொள்ளும்வரை கை சும்மா இருக்காது. அக்காவுக்கு வந்த அழைப்பிதழிலும் பெயர் இல்லை.

2024 வாக்கில் இதற்கு ஒரு மறுபக்கம் வந்தது. ஒருவர் இறந்துவிட்டார் என்று சமூக வலைத்தளத்தில் யாராவது எழுதுகிறார்கள். நண்பர்கள் அவர் பெயரைக் கூகுளில் தேடுகிறார்கள். தேடல் திடீரென்று கூடுவதைப் பார்த்து, செயற்கை நுண்ணறிவை வைத்து நிமிடக் கணக்கில் ஓர் இரங்கல் குறிப்பை உருவாக்கி, தேடலில் மேலே வரும்படி வைத்துவிடுகிறார்கள். படிக்க வருபவரை ஆபாசத் தளத்துக்கோ, உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது என்று மிரட்டும் போலிப் பக்கத்துக்கோ தள்ளிவிடுகிறார்கள். செக்யூர்வொர்க்ஸ் நிறுவனம் இதை ஆராய்ந்து எழுதியது. உயிரோடு இருப்பவர்களுக்கே இரங்கல் குறிப்பு வந்த கதைகளும் உண்டு. இப்படி மொத்தமாக உற்பத்தி செய்யப்படும் பக்கங்களுக்கு எதிராக 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளைக் கடுமையாக்கியது.

குப்பத்துக்குப் பெயர் கொடுத்தவர்

தேடல் இரண்டாவது முறை இந்தக் குப்பத்துக்குத் திரும்பியது எனக்கே ஆச்சரியம். இம்முறை பெயர் வழியாக.

ஹென்றி ஸ்டீல் ஒல்காட். 1832-இல் அமெரிக்காவில் பிறந்தவர். பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவர், அதன் முதல் தலைவர். 1882 முடிவில் அடையாறுக்கு வந்தார், 1907-இல் இங்கேயே காலமானார். தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்காக 1894-இல் அவர் தொடங்கிய பள்ளியின் தொடர்ச்சியை இன்றும் பெசன்ட் நகரில் பார்க்கலாம். இவ்வளவும் இந்தப் பக்கத்துக்காரர்கள் பலருக்குத் தெரியும்.

எனக்கு இதுவரை தெரியாமல் இருந்தது, அவர் மோசடி பிடிக்கும் அதிகாரியாக இருந்தவர் என்பது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ராணுவத்துக்குச் சரக்கு கொடுத்த ஒப்பந்தக்காரர்கள் அடித்த கொள்ளையை விசாரிக்க அரசு நியமித்த சிறப்பு ஆணையர் அவர். 1865-இல் ஆபிரகாம் லிங்கன் கொலையை ஆரம்பத்தில் விசாரித்த குழுவிலும் இருந்தார். பெயருக்கு முன்னால் வரும் ‘கர்னல்’ அந்தக் காலத்தது.

அந்தப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேல் இறந்தார்கள். ஏராளமான சடலங்கள் அடையாளம் தெரியாமல் புதைக்கப்பட்டன. மகன் செத்தானா, எங்கே கிடக்கிறான் என்று தெரியாத வீடுகள் எத்தனையோ. இறந்தவர்களோடு பேசித் தருகிறோம் என்ற மீடியம்கள் போருக்கு முன்பே இருந்தார்கள். போருக்குப் பிறகு அவர்களுக்கு நல்ல காலம்.

அந்தக் காலத்தில் வில்லியம் மம்லர் என்ற புகைப்படக்காரர் இருந்தார். அவரிடம் படம் எடுத்துக்கொண்டால், உங்கள் தோளுக்குப் பின்னால் மங்கலாக இன்னோர் உருவம் தெரியும். இறந்தவரின் ஆவி என்பார். 1869-இல் நியூயார்க்கில் மோசடி வழக்கு நடந்தது. அவரால் ஏமாற்றப்பட்டதாக அரசுத் தரப்பு சொன்ன வாடிக்கையாளர்களில் சிலரே அவருக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார்கள். மனைவியை இழந்த ஒரு வங்கியாளர், படத்தில் இருப்பது என் மனைவிதான் என்றார். போதிய ஆதாரம் இல்லை என்று மம்லர் விடுவிக்கப்பட்டார். படத்தில் இருந்தது ஒரு மங்கல். அந்த மங்கலுக்குப் பெயர் வைத்தது வாடிக்கையாளர்.

1874-இல் வெர்மாண்ட் மாநிலத்தின் சிட்டெண்டன் கிராமத்தில் எடி சகோதரர்கள் என்பவர்களின் பண்ணைவீட்டில் ஆவிகள் உருவத்தோடு வருகின்றன என்ற செய்தி ஒல்காட்டை எட்டியது. பத்திரிகைக்கு எழுதுவதற்காகப் போய்ப் பல வாரம் தங்கினார். கண்ணை மூடிக்கொண்டு நம்பியவர் இல்லை. வில்லியம் எடி உட்காரும் மரத்தடுப்பு அறையில் ரகசியக் கதவு இருக்கிறதா என்று சோதித்தார். வந்த உருவங்களைத் தராசில் ஏற்றி எடைகூடப் பார்த்தார். கடைசியில் நிஜம் என்றுதான் முடிவுக்கு வந்தார். அதையெல்லாம் 1875-இல் ஒரு பெரிய புத்தகமாகவும் போட்டார். அந்தப் பண்ணைவீட்டில்தான் அவர் பிளவாட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார், அங்கிருந்து கதை நியூயார்க், பிறகு அடையாறு என்று போகிறது. அதே சமயம் எடி வீட்டுக்குப் போய்வந்த ஜார்ஜ் பியர்ட் என்ற மருத்துவர், இது மலிவான துணியையும் வேஷத்தையும் வைத்து யாரும் செய்யக்கூடிய வேலை என்று பத்திரிகையில் எழுதினார். இருட்டான அறை, தூரத்தில் நிற்கும் உருவம், வந்திருப்பவர்களில் ஒருவர் எழுந்து, அது என் அம்மா என்பார்.

ஒல்காட்டைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. அவர் செய்த காரியங்களின் பலனை இந்த ஊர் அனுபவிக்கிறது. ஆனால் அவருடைய சோதனைமுறை ஒரு பொறியாளனாக எனக்கு மிகவும் பழக்கமானது. கருவியைச் சோதித்தார். கதவு, பலகை, எடை எல்லாவற்றையும் பார்த்தார். எதிரே உட்கார்ந்து ஏங்கிக்கொண்டிருந்தவர்கள் அந்த இருட்டில் எதை நிரப்பினார்கள் என்பதைத் தராசில் ஏற்ற முடியாது. நாங்களும் அதைத்தான் செய்கிறோம். மால்வேரைப் பிரித்துப் பார்த்து அது எந்த சர்வருக்குப் பேசுகிறது, எந்த அனுமதியைக் கேட்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதுவோம். அந்த அம்மா ஏன் தொட்டார் என்ற இடத்தில் ‘பயனரின் கவனக்குறைவு’ என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுவோம். நானும் அலுவலகத்தில் அந்த வரியை எழுதியிருக்கிறேன்.

அக்காவிடம் கவனக்குறைவு இல்லை. அவர் கவனம் முழுக்க அண்ணன் மேல் இருந்தது.

சேதி சொல்லும் முறை

கடலோர ஊர்களுக்கு இதில் இன்னொரு பாரமும் உண்டு. கடலுக்குப் போனவர் திரும்பவில்லையென்றால் பல சமயம் உடலும் கிடைக்காது. ஏழு வருடம் எந்தத் தகவலும் இல்லையென்றால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது நம் சாட்சியச் சட்டத்தின் பொது விதி. 2017 நவம்பர் முடிவில் வந்த ஒக்கி புயலில் கன்னியாகுமரி மாவட்ட மீனவக் குடும்பங்கள் அனுபவித்தது இந்தக் காத்திருப்பைத்தான். அப்படிக் காத்திருக்கும் வீட்டுக்கு ஒரு தெரியாத எண்ணிலிருந்து, உங்கள் ஆள் இன்ன துறைமுகத்தில் இருக்கிறார், படம் பாருங்கள் என்று வந்தால் தொடாமல் இருக்க யாரால் முடியும்?

பழைய வழக்கத்தில் இதற்கு ஒரு காப்பு இருந்தது. சாவுச் சேதியை ஆள் விட்டுச் சொல்வார்கள். வந்தவர் யார், எந்த வீட்டு ஆள் என்று கேட்பவருக்குத் தெரியும். காரியத்துக்குப் பங்காளி வீட்டிலிருந்து யாராவது நேரில் வந்து அழைப்பார்கள். எங்கள் மொழியில் சொன்னால், சேதியோடு சேர்ந்து அதற்கு அத்தாட்சியும் நடந்து வந்தது. அந்தக் காலமே நல்லது என்று பெருமூச்சு விட வரவில்லை. சென்னையிலிருந்து துபாய்க்கு ஆள் விட்டுச் சொல்ல முடியாது, வாட்ஸப் சொல்லும். ஆனால் வேலையை வாட்ஸப்புக்குக் கொடுத்தபோது சேதி மட்டும் வந்தது, அத்தாட்சி பின்தங்கிவிட்டது. அதன் இடத்தில் நாம் வைத்திருப்பது ஒரு பெயரும் ஒரு வட்டப் படமும்தான். அவை இரண்டும் ஒருவர் செத்த பிறகும் அப்படியே இருக்கும், யார் கைக்கு வேண்டுமானாலும் போகும்.

அதனால் ஒரு சாவு நடந்த வீட்டில் செய்ய வேண்டிய வேலைகளில், பால் தெளிப்பதற்கும் சான்றிதழ் வாங்குவதற்கும் நடுவில், இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். இறந்தவரின் போனை யாராவது ஒருவர் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். படங்களையும் குரல்களையும் முதலில் வேறிடத்தில் எடுத்துவைத்துவிட்டு, வாட்ஸப் கணக்கை முறையாக மூடுங்கள். உடனே மூட மனசு வரவில்லையென்றால் குறைந்தது இரண்டடுக்குச் சரிபார்ப்பு எண்ணையாவது போடுங்கள். அந்த எண்ணோடு இணைந்த யு.பி.ஐ. செயலிகளை நிறுத்துங்கள். வங்கிக்குச் சொல்லுங்கள். துக்க வீட்டிலிருந்து கோப்பு எது வந்தாலும், திறக்கும் முன் அந்த வீட்டில் உயிரோடு இருக்கும் யாரையாவது கூப்பிட்டுப் பேசுங்கள். எப்படியும் பேச வேண்டிய அழைப்புதானே அது. படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வருவதுதான் பத்திரிகை. ஏ.பி.கே. என்று முடிவது பத்திரிகையே இல்லை, அது ஒரு செயலி. பணம் போய்விட்டால் காலையில் பார்க்கலாம் என்று விடாமல் உடனே 1930-ஐக் கூப்பிடுங்கள். பணம் கை மாறுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழி உண்டு.

கடைசியாக ஒன்று, எனக்கே சொல்லிக்கொள்வது. ஏமாந்தவரிடம் “எப்படிக்கா நம்பினீங்க?” என்று கேட்காதே.

அடுத்த ஞாயிறு

அன்று கடற்கரை மணலில் நின்றபடியே அந்தச் செயலியை நீக்கினேன். 1930-க்குக் கூப்பிட்டு அக்காவையே பேசவைத்தேன். நாட்கள் ஓடிவிட்டதால் பணம் கிடைக்கும் என்று நம்பிக்கை கொடுக்கவில்லை. புகாருக்கு எண் கொடுத்தார்கள். இதுவரை பணம் வரவில்லை. அந்தப் பையனைக் கூப்பிட்டு அப்பாவின் வாட்ஸப்பை மீட்டு, இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டுவைத்தோம். அப்பா போனைப் பாழாக்கிவிட்டேன் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டே இருந்தான். அத்தை அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு போனபோது, அந்த உரையாடலையே அழித்துவிடலாமா, மறுபடி கை பட்டுவிடப் போகிறது என்று கேட்டேன். அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

“கடைசியா வந்தத மட்டும் அழிச்சிடு தம்பி. மேல இருக்கறதெல்லாம் அவன் பேசனது.”

அதை மட்டும் அழித்துக் கொடுத்தேன். இப்போது அந்த உரையாடலில் கடைசியாக இருப்பது பேத்தியின் பிறந்தநாள் போட்டோ.